ஆர்க்கியா பாக்டீரியா இல்லை, நமக்குத்தான் நெருங்கிய சொந்தம்

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஆர்க்கியா என்பது வெந்நீர் ஊற்றிலும் உப்பிலும் வாழ்கிற ஒருவகை பாக்டீரியாதானே? அதற்கு எதற்குத் தனிப் பிரிவு? நம் வாழ்க்கையோடு அதற்கு ஏதாவது சம்பந்தம் உண்டா? அதனால் நோய் வருமா?"

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம்: இல்லை. ஆர்க்கியாவைப் பாக்டீரியாவில் ஒரு வகை என்று சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம் என்பது உண்மைதான். இரண்டும் ஒற்றைச் செல் உயிர்கள், பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர் அளவு, உட்கரு கிடையாது, டிஎன்ஏ வட்டமாக இருக்கும். ஆனால் செல்லுக்குள் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால், பாக்டீரியாவைவிட நமக்குப் பக்கத்தில் நிற்பது ஆர்க்கியாதான். பள்ளியில் 'ஆர்க்கிபாக்டீரியா' என்று படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு. அந்தப் பெயரை மாற்றச் சொல்லி 1990-லேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் புழக்கத்தில் இன்னும் இருக்கிறது.

இந்தப் பிரிவு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். 1970-களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ் என்ற ஆய்வாளர் இருந்தார். இயற்பியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர். நுண்ணுயிர்களில் யாருக்கு யார் சொந்தம் என்று அன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விலங்குக்கு எலும்பு இருக்கிறது, செடிக்குப் பூ இருக்கிறது, அவற்றை ஒப்பிட்டு வம்சாவளி வரையலாம். பாக்டீரியாவில் உருண்டை, குச்சி, சுருள் என்பதைத் தாண்டி ஒப்பிட ஒன்றும் இல்லை. வோஸ் உருவத்தை விட்டுவிட்டு ரைபோசோமைப் பிடித்துக்கொண்டார். புரதம் தயாரிக்கும் அந்த அமைப்பு இல்லாமல் எந்தச் செல்லும் பிழைக்காது. அதனால் அதன் ஆர்என்ஏ மிக மெதுவாகத்தான் மாறுகிறது. இரண்டு உயிர்களின் ரைபோசோம் ஆர்என்ஏ எவ்வளவு ஒத்துப்போகிறதோ, அவ்வளவு நெருக்கமான சொந்தம் என்பது அவருடைய கணக்கு.

இன்று ஆர்என்ஏயின் எழுத்து வரிசையைப் படிக்க ஒரு நாள்கூட வேண்டாம். அன்று நுண்ணுயிரைக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த ஊடகத்தில் வளர்க்க வேண்டும். அப்புறம் ஆர்என்ஏயைப் பிரித்தெடுத்து, நொதியால் துண்டுதுண்டாக வெட்டி, மின்புலத்தில் ஓடவிட்டு, எக்ஸ்ரே ஃபிலிமில் விழுந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். வோஸ் ஆண்டுக்கணக்கில் இதே வேலையாக உட்கார்ந்திருந்தார். 1976-ல், அதே பல்கலைக்கழகத்தில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை ஆராய்ந்துவந்த ரால்ஃப் வுல்ஃபின் ஆய்வகத்திலிருந்து ஒரு மாதிரி அவருக்கு வந்தது. ஃபிலிமைப் பார்த்தபோது, எல்லாப் பாக்டீரியாவிலும் தவறாமல் இருக்கிற சில துண்டுகள் அதில் இல்லை. உட்கரு உள்ள செல்களின் அடையாளமும் இல்லை. மற்ற மீத்தேன் உயிர்களைச் சோதித்தபோதும் அப்படியே. உயிருலகில் இரண்டு பெரிய வகைதான் என்று நினைத்திருந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு கூட்டம் நின்றது.

1977 நவம்பரில் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இதை வெளியிட்டபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. ஆனால் துறைக்குள் வரவேற்பு இல்லை. நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியா, வுல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இந்த விவகாரத்திலிருந்து விலகிக்கொள், இல்லையென்றால் உன் பெயர் கெட்டுவிடும் என்று எச்சரித்தார். ஜெர்மனியில் நிலைமை வேறு. மியூனிக்கில் ஓட்டோ காண்ட்லர், மீத்தேன் உயிர்களின் செல் சுவரில் பாக்டீரியாவுக்கே உரிய பெப்டிடோகிளைக்கான் இல்லை என்பதை முன்பே கவனித்திருந்தார். வோல்ஃப்ராம் ட்சில்லிக், இவற்றின் ஆர்என்ஏ பாலிமரேஸ் (டிஎன்ஏயைப் பார்த்து ஆர்என்ஏ செய்யும் நொதி) நம்முடையதைப் போல இருப்பதைக் காட்டினார். வேறு வேறு பக்கத்திலிருந்து வந்த சான்றுகள் ஒரே முடிவைச் சொன்னதால்தான் எதிர்ப்பு மெல்ல அடங்கியது. 1990-ல் வோஸ், காண்ட்லர், வீலிஸ் மூவரும் சேர்ந்து பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா (உட்கரு உள்ள செல் கொண்ட உயிர்கள், நாமும் இதில்தான்) என்று மூன்று பேருலகங்களை முன்வைத்தார்கள்.

சரி, வித்தியாசம் எங்கே? என்னைக் கேட்டால் செல் சவ்விலிருந்துதான் தொடங்க வேண்டும். பாக்டீரியாவிலும் நம் செல்லிலும் சவ்வு கொழுப்பு அமிலச் சங்கிலிகளால் ஆனது. அவை கிளிசராலோடு எஸ்டர் பிணைப்பால் சேர்ந்திருக்கும். ஆர்க்கியாவில் கொழுப்பு அமிலத்துக்குப் பதில் கிளைவிட்ட ஐசோப்ரீன் சங்கிலி, எஸ்டருக்குப் பதில் ஈதர் பிணைப்பு. ஈதர் பிணைப்பு சூட்டிலும் அமிலத்திலும் எளிதில் உடையாது. இதோடு நிற்கவில்லை. சங்கிலி வந்து சேரும் கிளிசரால் பாஸ்பேட்டே நம்முடையதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்கிறது. அதைச் செய்யும் நொதியும் நம்முடைய நொதியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை இல்லை. சவ்வு என்பது ஒரு செல்லுக்கு அடிப்படையிலும் அடிப்படை. அதையே இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்கின்றன என்றால், இந்தப் பிரிவு எவ்வளவு பழையதாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதிக வெப்பத்தில் வாழும் ஆர்க்கியாவில் இன்னொரு படி இருக்கிறது. வழக்கமாகச் சவ்வில் இரண்டு அடுக்கு இருக்கும். சூடு ஏறினால் அடுக்குகள் விலகிப் பிரிந்துபோகும். இவற்றில் எதிரெதிர்ச் சங்கிலிகள் ஒன்றாகச் சேர்ந்து, இரண்டு துணியை வைத்துத் தைத்த மாதிரி ஒரே அடுக்காகிவிடுகின்றன. பிரிவதற்கு இரண்டு அடுக்கே இல்லை. கடலில் வாழும் சாதாரண ஆர்க்கியாவிலும் இந்த ஒற்றை அடுக்குக் கொழுப்பு உண்டு. நீரின் வெப்பத்துக்கு ஏற்ப அதில் உள்ள வளையங்களின் எண்ணிக்கை மாறும். செல் செத்த பிறகும் அந்தக் கொழுப்பு கடலடி வண்டலில் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கும். அதை எடுத்து வளையங்களை அளந்து, பழங்காலக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணக்கிடும் முறை 2002-ல் வந்தது. இன்று பருவநிலை ஆராய்ச்சியில் அது பரவலாகப் பயன்படுகிறது.

செல் சுவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெப்டிடோகிளைக்கான் இல்லாததால் பெனிசிலின் இவற்றை ஒன்றும் செய்யாது. பெரும்பாலானவற்றுக்குப் புரதம் வரிசையாக அடுக்கிய ஒரு மேலுறைதான் சுவர். நீந்துவதற்குச் சுழலும் இழை உண்டு. பார்க்கப் பாக்டீரியாவின் கசையிழை மாதிரியே இருக்கும். ஆனால் அது வேறு புரதங்களால் ஆனது, வேறு முறையில் வளர்வது, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியில் நேரடியாக ஓடுவது.

இவ்வளவு அந்நியமாக இருக்கிற உயிரின் உள்ளே, மரபுத் தகவலைக் கையாளும் இடத்துக்குப் போனால் காட்சி மாறிவிடுகிறது. டிஎன்ஏயிலிருந்து ஆர்என்ஏ எடுக்கும் பாலிமரேஸ் நம்முடையதைப் போலப் பல உறுப்புகள் கொண்டது. அதைச் சரியான இடத்தில் உட்கார வைக்க டாட்டா பெட்டி என்ற வரிசையும், அதைப் பிடிக்கும் புரதமும் வேண்டும், நமக்கு வேண்டியிருப்பதைப் போலவே. பல ஆர்க்கியாவில், நம் செல்லில் இருப்பதைப் போலவே, டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் சுற்றியிருக்கிறது. பாக்டீரியா தன் புரதங்களை ஃபார்மைல் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கும், ஆர்க்கியாவும் நாமும் வெறும் மெத்தியோனினில் தொடங்குகிறோம். 1996-ல் முதல் ஆர்க்கியா மரபணுத் தொகுப்பு வெளிவந்தது. கிழக்குப் பசிபிக் கடலடியில் 2,600 மீட்டர் ஆழத்து வெந்நீர்த் துளைப் பகுதியில் எடுத்த மெத்தனோகால்டோகாக்கஸ் ஜன்னாஸ்கி என்ற உயிருடையது அது. அதன் சுமார் 1,700 மரபணுக்களில் பாதிக்கும் மேல் அதுவரை யாரும் எந்த உயிரிலும் பார்த்திராதவை. தகவலைக் கையாளும் மரபணுக்கள் நம் பக்கம் சாய்ந்தன, உணவைச் செரித்து ஆற்றல் எடுக்கும் மரபணுக்களில் பல பாக்டீரியா பக்கம் சாய்ந்தன. வோஸ் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அதற்குப் பிறகு யாரும் பெரிதாக மறுக்கவில்லை.

இனி வெந்நீர், அமிலம் விஷயம். இது எல்லாரும் ஆவலாகக் கேட்கும் பகுதி, ஆனால் ஆர்க்கியாவில் இது ஒரு சிறு பகுதிதான், அதனால் நீட்டவில்லை. தாமஸ் பிராக் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் கொதிநிலைக்குப் பக்கத்தில் வாழும் நுண்ணுயிர்களைத் தேடி எடுத்தார். 1972-ல் அவர் விவரித்த சல்ஃபோலோபஸ் ஆர்க்கியா என்பது பின்னால்தான் தெரிந்தது. ஜப்பானின் வெந்நீர் மண்ணில் கிடைத்த பிக்ரோஃபிலஸ், பிஹெச் 0.7-ல் நன்றாக வளர்கிறது, அதுவும் 60 டிகிரி சூட்டில். வெப்பத்தில் இப்போதைக்கு உச்சம் 122 டிகிரி செல்சியஸ். மெத்தனோபைரஸ் காண்ட்லரி என்ற உயிரின் ஒரு ரகம், அதிக அழுத்தத்தில் வைத்தபோது அந்தச் சூட்டிலும் பெருகியதாக 2008-ல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். ஆய்வகங்களிலும் மருத்துவமனைகளிலும் கருவிகளைக் கிருமி நீக்க ஆட்டோகிளேவில் வைப்பது 121 டிகிரி. இந்த உயிரை எடுத்த இடம் நம் இந்தியப் பெருங்கடலின் நடுவில் உள்ள கடலடி மலைத்தொடர். இத்தாலியின் வல்கானோ தீவுக் கரையில் கார்ல் ஸ்டெட்டர் 1986-ல் விவரித்த பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸின் டிஎன்ஏ பாலிமரேஸ், பிழை குறைவாகப் படியெடுக்கும் என்பதால் இன்று பிசிஆர் (டிஎன்ஏயைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) செய்யும் ஆய்வகங்களில் சாதாரணமாகப் புழங்குகிறது.

உப்பில் வாழ்பவற்றை நம் ஊரிலேயே பார்க்கலாம். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களில், உப்பு விழும் கட்டத்தில் இருக்கும் பாத்திகளில் தண்ணீர் சில சமயம் இளஞ்சிவப்பாகத் தெரியும். டுனாலியெல்லா என்ற பாசிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கடைசிப் பாத்தியின் சிவப்பு பெரும்பாலும் உப்பு விரும்பும் ஆர்க்கியாவின் நிறமிகளால் வருவது. கடல்நீரில் உப்பு 3.5 சதவீதம், இவை வாழ்வது 20, 25 சதவீதத்திலும் அதற்கு மேலும். அவ்வளவு உப்பில் சாதாரணச் செல்லில் இருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டுவிடும். இவை அதற்கு ஈடாகத் தம் உள்ளே பொட்டாசியம் குளோரைடை நிரப்பிக்கொள்கின்றன. உள்ளேயும் உப்பு என்றால் புரதங்கள் கெட்டுப்போக வேண்டுமே? கெடுவதில்லை. இவற்றின் புரதங்கள் மேற்பரப்பு முழுக்க எதிர்மின்னேற்றத்தோடு, அந்த உப்பு இருந்தால்தான் உருவம் நிற்கும்படி அமைந்திருக்கின்றன. அதனால் ஹாலோபாக்டீரியத்தை நல்ல தண்ணீரில் போட்டால் வெடித்துச் சிதறிவிடும். (பெயரில் பாக்டீரியம் இருந்தாலும் அது ஆர்க்கியாதான். வோஸுக்கு முன்னால் வைத்த பெயர்.) கருவாட்டில் சில நேரம் இளஞ்சிவப்பாகப் படர்வதும், தோல் தொழிலில் 'ரெட் ஹீட்' என்று சொல்லும், உப்பிட்ட பச்சைத் தோலில் வரும் சிவப்புத் திட்டுகளும் இந்தக் கூட்டத்தின் வேலைதான்.

1971-ல் டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட், வால்தர் ஸ்டோக்கனியஸ் இருவரும் இந்த ஹாலோபாக்டீரியத்தின் ஊதா நிறச் சவ்வில் பாக்டீரியோரொடாப்சின் என்ற புரதம் இருப்பதைக் காட்டினார்கள். நம் விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் அதே ரெட்டினால் மூலக்கூறுதான் இதிலும் இருக்கிறது. ஒளி பட்டதும் அது புரோட்டானைச் செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. அந்தப் புரோட்டான் திரும்பி உள்ளே வரும் வேகத்தில் ஏடிபி தயாராகிறது. பச்சையம் இல்லாமலே வெயிலிலிருந்து ஆற்றல். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதத்தை எலியின் மூளை நரம்புகளில் வைத்து, ஒளியால் நரம்பின் துடிப்பை நிறுத்தும் வேலைக்கு இன்று பயன்படுத்துகிறார்கள். மரபணுவை வெட்டித் திருத்த இன்று பயன்படும் கிரிஸ்பரின் கதையும் உப்பளத்தைத் தொட்டுத்தான் போகிறது. ஸ்பெயினின் சாந்தா போலா உப்பளத்து ஆர்க்கியாவின் டிஎன்ஏயில் ஒரே வரிசை இடைவெளி விட்டு விட்டுத் திரும்ப வருவதை அலிகாந்தே பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ்கோ மொகிகா 1990-களின் தொடக்கத்தில் கண்டார். அது வைரஸுக்கு எதிரான நினைவுப் பதிவு என்பதைப் புரிந்துகொள்ள அவருக்கு மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அடிப்படை ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது நம் வாழ்க்கையோடு என்ன சம்பந்தம் என்பதற்கு, மீத்தேன் ஒன்றே போதும். மீத்தேன் உண்டாக்குவதையே பிழைப்பாகக் கொண்ட உயிர்கள் அத்தனையும் ஆர்க்கியா. இதுவரை அப்படி ஒரு பாக்டீரியாவோ பூஞ்சையோ கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் காற்றில் சேரும் மீத்தேன் ஏறத்தாழ 60 கோடி டன். அதில் பாதிக்கு மேல் சதுப்புநிலம், மாட்டின் வயிறு, வயல், குப்பைமேடு ஆகியவற்றில் ஆர்க்கியா உண்டாக்கியது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

சாண எரிவாயுக் கலனை எடுத்துக்கொள்வோம். சாணத்தை நேரடியாக ஆர்க்கியா தின்பதில்லை. அதற்குச் செல்லுலோஸோ மாவோ செரிக்காது. முதலில் பாக்டீரியாக்கள் பெரிய மூலக்கூறுகளை உடைத்து அமிலங்களாக்குகின்றன, அப்புறம் அசெட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்று சிறிதாக்குகின்றன. கடைசியில் மிஞ்சும் இந்தச் சின்னப் பொருட்களை வைத்து ஆர்க்கியா மீத்தேன் செய்கிறது. ஆக்சிஜன் துளி இருந்தாலும் இந்த வேலை நின்றுபோகும். காய்கறிக் கழிவை ஒரேயடியாகக் கொட்டினால் கலன் 'புளித்துப்போய்' வாயு வராமல் போகிறதே, அதன் காரணமும் இதுதான். பாக்டீரியா வேகமாகப் பெருகி அமிலத்தைக் குவிக்கும். ஆர்க்கியா மெதுவாக வளர்வது, நடுநிலை பிஹெச்சில்தான் நன்றாக வேலை செய்வது. குவியும் அமிலத்தைத் தின்று தீர்க்க அதனால் முடிவதில்லை. அப்படி ஆனால் தீனியை நிறுத்திவிட்டு, கொஞ்சம் சுண்ணாம்பும் புதுச் சாணமும் கலந்து காத்திருப்பதுதான் வழி. புதுச் சாணத்தோடு புது ஆர்க்கியாவும் போகிறது.

இந்தக் கூட்டு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி உண்டு. மெத்தனோபாசில்லஸ் ஒமெலியான்ஸ்கி என்ற உயிர் ஆல்கஹாலைத் தின்று மீத்தேன் விடுகிறது என்று பல ஆண்டுகள் எல்லாரும் நம்பினார்கள். 1967-ல் பார்த்தால் அது ஒரே உயிர் இல்லை, இரண்டு. ஒன்று ஆல்கஹாலைத் தின்று ஹைட்ரஜன் விடும் பாக்டீரியா, மற்றது அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்து மீத்தேன் செய்யும் ஆர்க்கியா. ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் பாக்டீரியாவின் வேலை நின்றுவிடும், ஹைட்ரஜன் வரவில்லை என்றால் ஆர்க்கியா பட்டினி. தனித்தனியாக வைத்தால் ஆல்கஹாலில் இரண்டுமே சரியாக வளரவில்லை.

மாட்டின் முதல் இரைப்பையிலும் நடப்பது இதுவே. தீனி நொதிக்கும்போது வரும் ஹைட்ரஜனை ஆர்க்கியா எடுத்து மீத்தேனாக்குகிறது. மாடு அதைப் பெரும்பாலும் ஏப்பமாகத்தான் விடுகிறது, பலர் நினைப்பது போலப் பின்வழியாக இல்லை. தீனியின் மொத்த ஆற்றலில் சில சதவீதம் இப்படிக் காற்றில் போவதால் மாடு வளர்ப்பவருக்கும் இது நஷ்டம். எல்லா மீத்தேன் ஆர்க்கியாவிலும் கடைசி அடியை வைப்பது ஒரே நொதி, அதன் நடுவில் நிக்கல் கொண்ட ஒரு மஞ்சள் நிறத் துணைப்பொருள் இருக்கிறது. அந்த நொதியைக் குறிவைத்து அடைக்கும் மருந்துகளைத் தீனியில் கலந்து மீத்தேனைக் குறைக்கும் முயற்சி சில நாடுகளில் நடைமுறைக்கே வந்துவிட்டது.

நெல் வயலில் தண்ணீர் தேங்கினால் சில நாட்களில் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். வேர் கசியவிடும் சர்க்கரையும் மட்கும் வைக்கோலும் தீனியாகும். வரும் மீத்தேனில் பெரும்பகுதி நெற்பயிரின் உள்ளேயே இருக்கும் காற்றுக் குழல்கள் வழியாக மேலே போகிறது. வேருக்குக் காற்று கொண்டுபோகும் பாதை, மீத்தேனுக்கும் பாதையாகிவிடுகிறது. இந்த வேர்ப் பகுதியில் மிகுதியாக இருக்கும் மெத்தனோசெல்லா என்ற ஆர்க்கியாவை ஜப்பானியர்கள்தான் வயல் மண்ணிலிருந்து முதலில் தனியாக வளர்த்தார்கள். ஆக்சிஜனின் தாக்குதலைத் தாங்கும் நொதிகள் அதனிடம் நிறைய உண்டு, அதனால் வயல் காய்ந்தாலும் செத்துப்போகாமல் காத்திருக்கும். ஆனால் காத்திருக்கும் நாட்களில் மீத்தேன் வராது. தொடர்ந்து தண்ணீர் கட்டி நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைவதாகப் பல நாட்டு வயல்களில் அளந்திருக்கிறார்கள், தண்ணீரும் மிச்சம்.

கடலடியில் இதற்கு நேர் எதிரான வேலை நடக்கிறது. அங்கே வண்டலில் உண்டாகும் மீத்தேனில் பெரும்பகுதி தண்ணீருக்கு வந்து சேர்வதே இல்லை. வழியிலேயே வேறொரு ஆர்க்கியாக் கூட்டம், சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்களோடு கைகோத்துக்கொண்டு, மீத்தேன் செய்யும் அதே நொதியைப் பின்னோக்கி ஓட்டி மீத்தேனைத் தின்றுவிடுகிறது. 2000-ல் ஆன்ட்யே போட்டியஸ் குழு இந்த இரண்டும் ஒட்டித் திரண்டிருப்பதைப் படமாகவே காட்டியது. இது இல்லாவிட்டால் பூமியின் வெப்பநிலை வேறாக இருந்திருக்கும்.

ஆர்க்கியா என்றாலே விபரீதமான இடங்களில் வாழ்வது என்ற எண்ணம் 1992-ல் உடைந்தது. ஜெட் ஃபர்மன், எட்வர்ட் டிலாங் இருவரும் தனித்தனியாக, சாதாரணக் குளிர்ந்த கடல்நீரில் ஆர்க்கியாவின் ரைபோசோம் வரிசைகளைக் கண்டார்கள். 2001-ல் பசிபிக்கில் எண்ணிப் பார்த்தபோது, ஆழ்கடலில் மிதக்கும் நுண்செல்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆர்க்கியா. ஆனால் அவை என்ன தின்கின்றன என்று தெரியவில்லை, வளர்க்கவும் முடியவில்லை. 2005-ல் அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத் தொட்டி ஒன்றிலிருந்து நைட்ரோசோபியூமிலஸ் மாரிட்டிமஸ் என்ற உயிரை மார்ட்டின் கோனெக்கே, டேவிட் ஸ்டால் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அது அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி அதில் வரும் ஆற்றலில் வாழ்கிறது. 1890-களில் வினோகிராட்ஸ்கி கண்டுபிடித்ததிலிருந்து இது பாக்டீரியாவின் வேலை என்றே நூறாண்டுக்கு மேல் பாடம் நடந்துவந்தது. நம் தோட்டத்து மண்ணிலும் பெரும்பாலும் எண்ணிக்கையில் மிகுந்திருப்பது அம்மோனியா தின்னும் ஆர்க்கியாதான். வயலில் போடும் யூரியா அம்மோனியாவாகி, பிறகு நைட்ரேட்டாகும் பாதையில் இவையும் இருக்கின்றன. நம் தோலின் மேல்கூட இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை உண்டு, வியர்வையில் அம்மோனியா இருக்கிறதே. ஆகவே இனி யாராவது ஆர்க்கியாவை விபரீதமான இடங்களில் வாழும் உயிர் என்று மட்டும் அறிமுகப்படுத்தினால், பெரும்பான்மையை விட்டுவிட்டுச் சிறுபான்மையைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வகைகளைப் பட்டியல் போட எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் சில ஆண்டுக்கு ஒருமுறை பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. வளர்க்காமலே சேற்றிலிருந்தும் நீரிலிருந்தும் டிஎன்ஏயை நேரடியாகப் படிக்கும் முறை வந்த பிறகு புதுப் புதுக் கூட்டங்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் ஒரு பெரிய தொகுதி மிகச் சிறிய செல்கள். ஐஸ்லாந்துக்கு வடக்கே கடலடியில் கிடைத்து 2002-ல் அறிவிக்கப்பட்ட நானோஆர்க்கியம் ஈக்விட்டன்ஸ் அவற்றில் முன்னோடி. 0.4 மைக்ரோமீட்டர் அளவு, சுமார் ஐந்து லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்தான். இன்னொரு ஆர்க்கியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, தனக்கு வேண்டியவற்றில் பலவற்றை அதனிடமிருந்தே வாங்கிப் பிழைக்கிறது.

நமக்குச் சொந்தம் என்று தலைப்பில் சொன்னதற்கு வருகிறேன். 2015-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் தீஸ் எத்தெமா குழு, நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே ஆர்க்டிக் கடலடியில் 3,000 மீட்டருக்கும் கீழே எடுத்த சேற்றின் டிஎன்ஏயை ஆராய்ந்தது. பக்கத்தில் 'லோக்கியின் கோட்டை' என்ற வெந்நீர்த் துளைகள் இருந்ததால், கிடைத்த ஆர்க்கியாவுக்கு லோக்கி என்றே பெயர் வைத்தார்கள். அதில் செல்லுக்கு உருவம் கொடுக்கும் ஆக்டின் போன்ற புரதங்கள், சவ்வை வளைத்து வெட்டும் புரதங்கள், செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்தை நடத்தும் சிறு புரதங்கள் ஆகியவற்றுக்கான மரபணுக்கள் இருந்தன. உட்கரு உள்ள செல்லுக்கு மட்டுமே உரியவை என்று நினைத்திருந்தவை இவை. அடுத்தடுத்து தோர், ஓடின், ஹைம்டால் என்று நார்ஸ் தெய்வங்களின் பெயரில் அந்தக் குடும்பம் பெரிதானது, மொத்தத்துக்கும் ஆஸ்கார்ட் என்று பெயர்.

இது மாசுபட்ட மாதிரியாக இருக்கலாம், வேறு செல்லின் டிஎன்ஏ கலந்திருக்கலாம் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது, ஏனென்றால் உயிரோடு யாரும் பார்த்ததில்லை. பதில் ஜப்பானிலிருந்து வந்தது. ஹிரோயுகி இமாச்சியும் கூட்டாளிகளும் 2006-லேயே ஜப்பானுக்குத் தெற்கே 2,533 மீட்டர் ஆழத்துக் கடலடிச் சேற்றை எடுத்து, பஞ்சுத் துண்டுகள் தொங்கும் ஒரு கலனில் மீத்தேன் செலுத்தி ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடவிட்டு, பிறகு சிறு குழாய்களில் மாற்றி மாற்றி வளர்த்துவந்தார்கள். 12 ஆண்டு உழைப்புக்குப் பிறகு ஒரு ஆஸ்கார்ட் ஆர்க்கியா தனித்துத் தெரிந்தது. 2020-ல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும், இது இரட்டிப்பாக 14 முதல் 25 நாள். அரை மைக்ரோமீட்டர் உருண்டை, உள்ளே உறுப்புகள் எதுவும் இல்லை, ஆனால் வெளியே நீண்டு கிளைவிட்ட கைகள். தனியாக வாழ முடியாமல், தான் விடும் ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ள ஒரு மீத்தேன் ஆர்க்கியாவைப் பக்கத்தில் வைத்திருக்கிறது.

இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் கதை இது: ஆஸ்கார்ட் குடும்பத்து ஆர்க்கியா ஒன்று, ஆக்சிஜனைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு பாக்டீரியாவோடு நெருங்கி வாழ்ந்தது. ஒரு கட்டத்தில் அந்தப் பாக்டீரியா உள்ளேயே தங்கி மைட்டோகாண்ட்ரியாவானது. அதிலிருந்து வந்தவைதான் காளான், தென்னை, மாடு, மனிதன் எல்லாம். 2023-ல் வந்த ஒரு விரிவான ஆய்வு நம் வேரை ஹைம்டால் கிளைக்குள்ளேயே வைக்கிறது. அப்படியென்றால் உயிருலகம் மூன்று இல்லை, இரண்டுதான், நாம் ஆர்க்கியாவுக்குள் ஒரு கிளை. எனக்கு இந்த வாதம் சரியாகவே படுகிறது. ஆனால் ஒரு பெரிய முடிச்சு அவிழாமல் இருக்கிறது. நாம் ஆர்க்கியா வழி வந்தவர்கள் என்றால் நம் செல் சவ்வு ஏன் பாக்டீரியா வகை? எங்கோ நடுவில் சவ்வு முழுக்க மாறியிருக்க வேண்டும். ஈ கோலையில் இரண்டு வகைக் கொழுப்பையும் சேர்த்துச் செய்ய வைத்தபோது அது செத்துவிடவில்லை, அதனால் மாற்றம் நடக்க முடியாதது இல்லை என்று தெரிகிறது. எப்படி நடந்தது, எதற்காக நடந்தது என்பதில்தான் இப்போது சண்டை.

கடைசியாக, நோய். இதுவரை மனிதருக்கோ விலங்குக்கோ செடிக்கோ நோய் உண்டாக்குவதாக உறுதியாக நிறுவப்பட்ட ஆர்க்கியா ஒன்றுகூட இல்லை. நம் உடம்பில் இல்லாததால் இப்படி என்று நினைக்க வேண்டாம். மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மித்தி நம் பெருங்குடலில் சர்வ சாதாரணம், பலருக்கு மூச்சிலேயே மீத்தேன் வருவது அதனால்தான். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு மூச்சில் மீத்தேன் அதிகமாகக் காணப்படுவதும் உண்மை. ஈறு நோயில் ஆழமான பைகளில் இதன் உறவுக்கார உயிர் ஒன்று கிடைக்கிறது, அங்குள்ள பாக்டீரியா விடும் ஹைட்ரஜனை எடுத்து அவற்றின் வேலையை எளிதாக்குவதாகக் கருதுகிறார்கள். ஆனால் இவற்றில் எதிலும் ஆர்க்கியாதான் நோயைத் தொடங்கியது என்று காட்டப்படவில்லை. ஏன் இல்லை என்பதற்கு, ஆர்க்கியாவைத் தாக்கும் வைரஸ்கள் வேறு குடும்பம் என்பதால் பாக்டீரியாவின் நச்சு மரபணுக்கள் வைரஸ் வழியாக இவற்றுக்கு வந்து சேர்வதில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. பெனிசிலின் இவற்றைத் தொடாது என்று மேலே சொன்னேன். குடலில் மீத்தேன் அதிகம் என்று மருத்துவர் சொன்னால் அதற்குத் தரும் மருந்துகள் வேறு, அதனால் வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்துச் சாப்பிட வேண்டாம்.